யாருடைய துணி அது?

ரோர்ஷாக்கின் முகமூடி ஒரு பெண்ணின் உடையிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது. ‘வாட்ச்மென்’ கிராபிக் நாவலைப் பாராட்டுகிறவர்கள் அந்த முகமூடியைப் பற்றி நிறையச் சொல்வார்கள். வெள்ளையும் கறுப்பும் ஒன்றோடொன்று கலக்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும், பார்க்கிறவர் மனசுக்குத் தகுந்த உருவம் தெரியும் என்பார்கள். அந்தத் துணி எங்கிருந்து வந்தது என்பதை நாவலின் ஆறாம் அத்தியாயம் சொல்கிறது. வால்டர் கோவாக்ஸ் என்ற இளைஞன் நியூயார்க்கில் ஆயத்த ஆடைத் தொழிலில் கூலிக்கு வேலை பார்க்கிறான். புதுவகைத் துணி ஒன்றில் உடை தைக்கச் சொன்ன இளம்பெண், தைத்து முடித்ததும் அழகாக இல்லை என்று வாங்காமல் போய்விடுகிறாள். துணி அவனிடமே கிடக்கிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1964இல், அவள் பெயரைச் செய்தித்தாளில் பார்க்கிறான்: கிட்டி ஜெனோவீஸ். குடியிருப்பு வாசலில் குத்திக் கொல்லப்பட்டாள், அக்கம்பக்கத்தார் நாற்பது பேர் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்று படிக்கிறான். மனிதர்கள்மேல் வெறுத்துப்போய், அவள் வேண்டாம் என்று விட்ட உடையை வெட்டித் தனக்கொரு முகம் செய்துகொள்கிறான். ரோர்ஷாக் பிறக்கிறான்.

கிட்டி ஜெனோவீஸ் கதைக்காகப் படைக்கப்பட்டவர் அல்ல. 1964 மார்ச் 13ஆம் நாள் விடிவதற்கு முன், நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், மதுக்கடை ஒன்றில் வேலை முடித்து வீடு திரும்பும்போது கொல்லப்பட்டவர். அப்போது அவருக்கு 28 வயது. இரண்டு வாரம் கழித்து ‘நியூயார்க் டைம்ஸ்’ 38 பேர் பார்த்துக்கொண்டிருந்தும் யாரும் போலீஸைக் கூப்பிடவில்லை என்று எழுதியது. உளவியல் பாடநூல்களில் அது ஏறியது. வேடிக்கை பார்க்கும் நகரத்துக்கு அவர் பெயரே எடுத்துக்காட்டாகிவிட்டது. பல ஆண்டுகளுக்குப் பிறகே அந்தச் செய்தி மிகைப்படுத்தப்பட்டது என்று தெரியவந்தது. 2016இல் அந்தப் பத்திரிகையே தன் செய்தியில் பிழை இருந்ததாக எழுதியது. செய்தியில் விடுபட்டவர்கள் யார் என்று பார்த்தால், இருவருமே பெண்கள். ஒருவர் மேரி ஆன், கிட்டியின் காதலி, அவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர். இன்னொருவர் சோஃபியா ஃபாரர் என்ற பக்கத்து வீட்டுக்காரர். கொலைகாரன் இன்னும் கீழே நிற்கிறானா என்றுகூடத் தெரியாமல் படியிறங்கி ஓடி, கிட்டியைத் தன் கைகளில் ஏந்திக்கொண்டிருந்தவர்.

1986இல் எழுதிய ஒருவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அதற்காக நான் குறை சொல்லவில்லை. அந்த ஒரு பக்கத்தில் நடப்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். கொலையான ஒரு பெண், உண்மையான பெயரோடும் உண்மையான தேதியோடும் கதைக்குள் கொண்டுவரப்படுகிறார். அவருடைய சாவு ஓர் ஆணின் சீற்றத்துக்குக் காரணம் ஆகிறது. அவர் உடை அந்த ஆணின் முகம் ஆகிறது. பிறகு அவரைப் பற்றிப் பேச்சே இல்லை. அவ்வளவு தூரம் வாசித்தபோது இது ரோர்ஷாக்கின் கிறுக்குத்தனம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். புத்தகம் முடியும்போது, இதே வெட்டும் தையலும் அதன் எல்லாப் பக்கங்களிலும் இருப்பது தெரிந்தது.

எனக்குப் படக்கதைகள் புதிதல்ல. இரும்புக்கை மாயாவி மின்சாரம் பாய்ந்து மறையும் கட்டத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. எங்கள் தலைமுறைப் பிள்ளைகளுக்குச் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும்தான் முதல் உலக இலக்கியம். 1984இல் லயன் காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழின் நாயகியே மாடஸ்டி பிளைசி என்ற பெண்தான். அதனால், பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இந்தப் புத்தகம் என்ற பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ‘வாட்ச்மென்’ எனக்கு வெகு தாமதமாகத்தான் கிடைத்தது. இலக்கிய நண்பர்கள் வட்டத்தில் அதைச் சொல்லும்போது குரலே மாறும். சூப்பர் ஹீரோ என்ற கனவையே பிரித்துப்போட்ட புத்தகம், அதைப் படிக்காமல் அதிகாரத்தைப் பற்றிப் பேசாதீர்கள் என்பார்கள். ஆலன் மூர் எழுதி, டேவ் கிப்பன்ஸ் வரைந்து, ஜான் ஹிக்கின்ஸ் வண்ணம் தீட்டி, 1986, 1987ஆம் ஆண்டுகளில் 12 இதழ்களாக வந்த கதை அது. 1988இல் ஹியூகோ விருது பெற்றது. 1923க்குப் பின் வந்த சிறந்த 100 ஆங்கில நாவல்கள் என்று ‘டைம்’ பத்திரிகை 2005இல் ஒரு பட்டியல் போட்டபோது அதில் இடம்பெற்ற ஒரே கிராபிக் நாவலும் அதுதான்.

புகழில் பொய்யில்லை. யாப்பு சொல்லிக்கொடுக்கிறவள் என்பதால் எனக்கு முதலில் பிடித்தது அதன் கட்டுமானம். ஒரு பக்கத்துக்கு ஒன்பது கட்டம், மூன்றுக்கு மூன்று. அந்த அளவு புத்தகம் முழுக்க உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது. இரண்டு கட்டம் சேர்ந்து அகலமானால் சீர் நீண்டதுபோல இருக்கும். ஐந்தாம் அத்தியாயத்தில் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் எதிரெதிராக ஒத்துப்போகும். இரண்டாவது பக்கம் கடைசிக்கு முந்தியதோடு ஒக்கும். அப்படியே நடுப்பக்கத்தில் வந்து மடியும். நம் சித்திரகவிகளில் மாலைமாற்று என்று இருக்கிறதே, திருப்பி வாசித்தாலும் அதே பாட்டு, அதைப் படத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள். இவ்வளவு கவனமாகக் கட்டப்பட்ட புத்தகத்தில் எதுவும் தற்செயலாக விடுபடாது என்ற நம்பிக்கையோடுதான் வாசித்தேன். ஏமாற்றம் பெரிதானதற்கு அந்த நம்பிக்கையே காரணம்.

தலைப்பிலிருந்தே தொடங்கலாம். நாவலின் நியூயார்க்கில் சுவர்களிலெல்லாம் ஒரு கேள்வி கிறுக்கப்பட்டிருக்கிறது. கட்டங்கள் அதை எப்போதும் பாதியில் வெட்டிவிடுகின்றன. காவலர்களை யார் கண்காணிப்பது என்ற பொருளில் வரும் அந்தக் கேள்வி ஜூவெனல் என்ற ரோமானியக் கவிஞருடையது. அவருடைய ஆறாவது அங்கதப் பாடலில் வருவது என்று புத்தகமே கடைசிப் பக்கத்தில் குறித்திருக்கிறது. இன்று அதைக் கேட்கும் எவருக்கும் போலீஸும் ராணுவமும் அரசாங்கமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஆறாவது பாடல் ஆட்சியைப் பற்றியதே அல்ல. மனைவிகளைப் பற்றியது. கல்யாணம் பண்ணாதே, பெண்கள் ஒழுக்கம் கெட்டவர்கள் என்று நூற்றுக்கணக்கான வரிகளுக்கு ஓர் ஆண் புலம்புகிறான். அவளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டு என்று நண்பர்கள் யோசனை சொல்கிறார்கள். பூட்டிக் காவல் போட்டால் அந்தக் காவலாளிகளையே அவள் வளைத்துப்போட்டுவிடுவாளே, அவர்களை யார் காப்பது என்பதுதான் அங்கே கேள்வி.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடம் பழகிய இடம். வாழ்க்கைத் துணைநலம் அதிகாரத்தில் வள்ளுவரும் இதைத் தொடுகிறார். சிறையில் வைத்துக் காப்பது பயன் தராது, பெண் தன் நிறையால் தன்னைக் காத்துக்கொள்வதே சிறந்தது என்கிறார். ஒருவர் ஏளனமாகச் சொல்கிறார், இன்னொருவர் மதிப்போடு சொல்கிறார். இருவரும் நிற்பது பூட்டிய அறைக்கு வெளியேதான். உள்ளே இருப்பவளிடம் இருவரும் எதையும் கேட்கவில்லை. ஜூவெனலின் கேள்வி பல நூற்றாண்டுகள் பயணம் செய்து, அதிகாரத்தைத் தட்டிக்கேட்கும் முழக்கமாகி, ஒரு சூப்பர் ஹீரோ நாவலின் தலைப்பாகிறது. வழியில் உதிர்ந்துபோனது அந்தப் பெண் மட்டும்தான்.

இனி, சாலி ஜூபிடருக்கு வருவோம். 1940களின் முகமூடி வீரர் குழுவான மினிட்மெனில் இருந்தவள். சில்க் ஸ்பெக்டர் என்பது அவள் வேஷப் பெயர். குழுப் புகைப்படம் எடுத்து முடித்து உடை மாற்றும்போது, காமெடியன் என்ற பெயரில் குழுவில் இருக்கும் எட்வர்ட் பிளேக் அவளை அடித்து வீழ்த்தி வல்லுறவு கொள்ள முயல்கிறான். இன்னொரு வீரன் உள்ளே வந்து பிளேக்கை அடிக்கிறான். தரையில் ரத்தத்தோடு கிடப்பவளைப் பார்த்து, எழுந்திரு, உடம்பை மூடு என்கிறான். அந்தக் கட்டத்தை வாசித்தபோது இந்தப் புத்தகத்துக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். காப்பாற்ற வருகிறவனின் குரலில்கூட அருவருப்பு இருக்கும் என்பது அதற்குத் தெரிகிறது. அடுத்து வரும் பின்னிணைப்பில் இன்னொன்றும் இருக்கிறது. குழுவின் முகவர், பின்னாளில் சாலியின் கணவர் ஆனவர், வழக்குப் போடாதே, குழுவின் பெயர் கெட்டுவிடும் என்று அவளைச் சம்மதிக்க வைக்கிறார். பிளேக் சத்தமில்லாமல் வெளியேற்றப்படுகிறான். பின்னர் அவன் அரசாங்கத்தின் ஆளாகி, கடைசிவரை பதவியும் பதக்கமுமாக இருக்கிறான்.

ஒரு கல்லூரியில் உள்ளகப் புகார்க் குழுவில் சில ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைக்கப்படும் குழு. அங்கே வந்த புகார்களைப் பற்றி எழுதச் சட்டம் அனுமதிக்காது, நானும் எழுதமாட்டேன். மேசைக்கு இந்தப் பக்கம் கேட்ட பேச்சைச் சொல்லலாம். “மேடம், பொண்ணோட எதிர்காலத்தையும் பாக்கணும்ல? காலேஜ் பேருன்னு ஒண்ணு இருக்குல்ல?” இந்த வாக்கியத்தை வெவ்வேறு வாய்களில், வெவ்வேறு மரியாதை விகுதிகளோடு கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் வில்லன்கள் அல்ல. டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, தணிந்த குரலில்தான் சொல்வார்கள். அதனால் சாலியின் முகவர் பேசும் பேச்சு எனக்கு 1940இன் அமெரிக்காவில் கேட்கவில்லை, அடுத்த அறையில் கேட்டது. இதை இவ்வளவு சரியாகப் பிடித்த எழுத்தாளர் இதைக் கொண்டு என்ன செய்யப்போகிறார் என்று ஆவலோடு பக்கங்களைப் புரட்டினேன்.

ஒன்பதாம் அத்தியாயத்தில் விடை வருகிறது. இடம் செவ்வாய்க் கிரகம். கடவுளுக்கு நிகரான சக்தி பெற்றுவிட்ட டாக்டர் மன்ஹாட்டன் மனிதர்கள்மேல் அக்கறை இழந்து அங்கே போய் உட்கார்ந்திருக்கிறான். பூமியைக் காப்பாற்ற வரும்படி அவனிடம் மன்றாட வேண்டிய பொறுப்பு லோரிக்கு. அவள் சாலியின் மகள், அவனுடைய முன்னாள் காதலி. பேசப் பேச அவளுடைய பழைய நினைவுகள் ஒவ்வொன்றாகக் கிளம்புகின்றன. எல்லாம் சேர்ந்து ஓர் உண்மையில் போய் முட்டுகின்றன: தன்னைப் பெற்ற தகப்பன் எட்வர்ட் பிளேக். தன் தாயைச் சிதைக்கப் பார்த்த அதே ஆள். பின்னாளில் சாலி தன் விருப்பத்தோடு அவனிடம் போயிருக்கிறாள். லோரி உடைந்து அழுகிறாள். அவள் அழுகையைப் பார்த்து மன்ஹாட்டன் மனம் மாறுகிறான். வெறுக்க எல்லாக் காரணமும் இருந்த ஒருவனை ஒரு பெண் நேசித்து, கோடிக்கணக்கான சாத்தியங்களில் இந்த ஒருத்தி பிறந்தாளே, இதைவிட நடக்க முடியாத அற்புதம் எது என்று அவனுக்குத் தோன்றுகிறது. மனித உயிருக்கு மதிப்புண்டு என்று ஒப்புக்கொண்டு பூமிக்குத் திரும்புகிறான்.

பலர் கண்ணீர் விட்டதாகச் சொல்லும் அத்தியாயம் இது. எனக்குக் கிட்டியின் உடை ஞாபகத்துக்கு வந்தது. அங்கே ஒரு பெண்ணின் சாவிலிருந்து ஓர் ஆணுக்கு முகமூடி. இங்கே ஒரு பெண்ணின் மேல் நடந்த வன்முறையிலிருந்து ஓர் ஆணுக்கு ஞானம். லோரியின் பெயரில் வரும் அத்தியாயம் அது, அவளுடைய குழந்தைப் பருவம், அவளுடைய அதிர்ச்சி. அத்தனையும் கடைசியில் மன்ஹாட்டனின் மனமாற்றத்துக்கு வாதமாகிப் போகிறது. அவளுக்கென்று மிஞ்சுவது அப்பா யார் என்ற தகவல். அம்மா ஏன் அப்படிச் செய்தாள் என்ற கேள்வி செவ்வாயிலேயே விடப்படுகிறது.

நான் சாலி பிளேக்கை நேசித்திருக்கக் கூடாது என்று சொல்லவரவில்லை. அடித்தவனோடு வாழ்ந்த பெண்களை, அடித்தவனுக்காக அழுத பெண்களை நாம் எல்லோரும் அறிவோம். நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். பாதிக்கப்பட்டவள் காலமெல்லாம் வெறுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒரு கொடுமைதான். அந்தச் சிக்கலை எழுதத்தான் இலக்கியம் வேண்டும். கவிதை எழுதுகிறவளாக எனக்கு அந்த இடத்தில்தான் அதிகப் பசி. பயம் எப்போது குறைந்தது? கோபத்தை எங்கே போட்டு வைத்தாள்? அவன் கதவைத் தட்டியபோது உடம்பு எதை நினைத்துக்கொண்டது? இதற்கெல்லாம் புத்தகத்தில் கிடைப்பது, சிறுமி லோரி ஒட்டுக்கேட்ட ஒரு சண்டையும், கடைசி அத்தியாயத்தில் சாலி மகளிடம் தடுமாறிச் சொல்லும் சில வரிகளும். அந்தச் சந்திப்புக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

மற்றவர்களுக்குக் கிடைத்ததைக் கணக்குப் பார்க்கலாம். மன்ஹாட்டனுக்கு நான்காம் அத்தியாயம் முழுவதும், அவன் காலத்தை உணரும் விதத்திலேயே, முன்னும் பின்னுமாக. ரோர்ஷாக்குக்கு ஆறாம் அத்தியாயம். அவன் தாய் பாலியல் தொழிலாளி, அவனை அடித்தவள். அவனுடைய வெறுப்பின் வேர் அவள் என்று படம் போட்டுக் காட்டுகிறார்கள், அவளுடைய வேர் எங்கே என்று யாரும் தோண்டவில்லை. உலகைக் காப்பதாகச் சொல்லிப் பல லட்சம் பேரைக் கொல்லும் ஓசிமாண்டியாஸுக்குத் தன் வரலாற்றைச் சொல்லப் பதினோராம் அத்தியாயம். வல்லுறவுக்கு முயன்ற பிளேக்கூட, சாவதற்கு முன்னால் பழைய எதிரியின் படுக்கையருகே உட்கார்ந்து கதறி அழ அனுமதிக்கப்படுகிறான். சாலிக்கு வாய்ப்பது முதுமையும் மதுக்கிண்ணமும், தன்னை வைத்து யாரோ வரைந்த பழைய ஆபாசப் படக்கதையைப் பார்த்துப் பெருமைப்படும் ஒரு காட்சியும். அவள் அகம் பின்னிணைப்பில், பத்திரிகைப் பேட்டிக்கும் கத்தரித்த செய்தித் துணுக்குகளுக்கும் நடுவில் கிடக்கிறது. அகத்திணையில் தோழி, செவிலி, கண்டோர் என்று எல்லோருக்கும் கூற்று உண்டு. இங்கே தலைவிக்கே கூற்று கிடைக்கவில்லை.

வியட்நாமில் ஒரு பெண் வருகிறாள். அவளுக்குப் பெயர்கூட இல்லை. பிளேக்கின் குழந்தையைச் சுமப்பவள். போர் முடிந்தது, நான் ஊருக்குப் போகிறேன் என்கிறவனின் முகத்தை உடைந்த பாட்டிலால் கிழிக்கிறாள். அவன் சுட்டுக் கொல்கிறான். பக்கத்தில் நின்ற மன்ஹாட்டன் தடுக்கவில்லை. நீ நினைத்திருந்தால் துப்பாக்கியை ஆவியாக்கியிருக்கலாமே, மனிதர்கள்மேல் உனக்கே அக்கறையில்லை என்று பிளேக் அவனைப் பார்த்துச் சொல்கிறான். கூர்மையான காட்சிதான். வல்லரசையும் அதன் கடவுளையும் ஒரே பக்கத்தில் அம்பலப்படுத்துகிறது. ஆனால் அந்தப் பெண்ணின் சாவு இரண்டு ஆண்களுக்கு இடையில் நடக்கும் அறவிசாரணைக்குத் தொடக்கப் புள்ளியாகிவிடுகிறது. பிந்தைய காட்சிகளில் பிளேக் முகம் முழுவதையும் மூடும் தோல் முகமூடி போட்டுக்கொள்கிறான். இன்னொரு பெண், இன்னொரு முகமூடி.

இதையெல்லாம் சொன்னால் ஒரு பதில் தயாராக இருக்கிறது. மூர் ஆணாதிக்கத்தைக் காட்டி விமர்சிக்கிறார், காட்டுவதையே ஆதரிப்பதாக எடுத்துக்கொள்ளலாமா என்பார்கள். நியாயமான கேள்வி. பிளேக்கை அவர் ஆதரிக்கவில்லை, ரோர்ஷாக்கின் வெறியையும் ஆதரிக்கவில்லை. பெண்ணோடு வாழ்ந்த குற்றத்துக்காக சில்ஹவுட் என்ற வீராங்கனையைக் குழு வெளியேற்றுவதையும், சில வாரங்களில் அவள் காதலியோடு கொல்லப்படுவதையும், ஆண்களின் அதே ரகசியத்தைக் குழு மூடி மறைத்ததையும் அவர் குறிக்கத் தவறவில்லை. அநியாயம் அவர் கண்ணில் படுகிறது. பட்ட பிறகும் அவர் அதைப் பின்னிணைப்பில்தான் வைக்கிறார். ஒன்பது கட்டத்துக்குள் எது வரும், எது பின்னிணைப்புக்குப் போகும் என்று தீர்மானிப்பது எழுத்தாளனின் கை. ஒரு புத்தகம் எதை எதிர்க்கிறது என்பதோடு, எதற்கு இடம் ஒதுக்குகிறது என்பதையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது.

அந்தக் காலம் அப்படி, 1986இல் ஓர் ஆணிடம் இவ்வளவுதான் எதிர்பார்க்கலாம் என்பது அடுத்த பதில். அமெரிக்காவில் 1972 முதலே பெண்கள் சேர்ந்து ‘விம்மென்ஸ் காமிக்ஸ்’ நடத்திக்கொண்டிருந்தார்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான டிரினா ராபின்ஸ், 1986இல், ‘வாட்ச்மென்’ வெளியிட்ட அதே டிசி நிறுவனத்துக்காக வொண்டர் வுமன் கதையை வரைந்தார். ஆண்களால் முடியாது என்பதும் சரியல்ல. புதுமைப்பித்தன் ‘சாபவிமோசனம்’ எழுதியது 1943இல். அவரும் ஒரு வீரகாவியத்தைப் பிரித்துப்போடத்தான் உட்கார்ந்தார். கல்லாகிக் கிடந்து உயிர்பெற்ற அகலிகைக்குள் அதன்பின் என்ன நடந்தது என்று அவருக்குக் கேட்கத் தோன்றியது. சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் ராமன் என்று சீதை வாயாலேயே கேட்டதும், அகலிகை மறுபடி கல்லாகிறாள். அவதாரத்தின் அற்புதத்தையே ஒரு பெண் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். மூரின் சாலிக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவள் உடம்பிலிருந்து எடுக்கப்பட்ட அற்புதத்தைப் பற்றி அவளுக்கு யாரும் தகவல்கூடச் சொல்லவில்லை.

கடைசி அத்தியாயத்தில் லோரி வேறு பெயரில், வேறு தோற்றத்தில் தாயைப் பார்க்க வருகிறாள். எனக்கு எல்லாம் தெரியும், வருத்தமில்லை என்கிறாள். இனிமேல் சாகசத்துக்குப் போனால் தோல் உடை வேண்டும், முகமூடி வேண்டும், துப்பாக்கியும் வைத்துக்கொள்ளலாம் என்கிறாள். அப்பனைப் போல. தாயின் உடை அவளுக்கு எப்போதுமே பிடித்ததில்லை. அதில் நியாயமுண்டு, அதை வடிவமைத்ததே வேடிக்கை பார்க்கிறவர்களுக்காகத்தான். ஆனால் அதைக் கழற்றிப் போட்ட பெண்ணுக்கு மாற்று உடையாகப் புத்தகத்தின் கையில் இருப்பது காமெடியனின் தோலுடை ஒன்றே. மகள் போனபின் சாலி அந்தப் பழைய குழுப் புகைப்படத்தை எடுக்கிறாள். பிளேக்கின் உருவத்தில் முத்தமிட்டு அழுகிறாள். கண்ணாடியில் உதட்டுச் சாயம் பதிகிறது.

அந்தப் புகைப்படம் எடுக்கப்பட்ட நாளில்தான், எடுத்து முடித்த சில நிமிடங்களில்தான், அவன் அவளைத் தாக்கினான். புத்தகத்துக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் அதே படத்தைத் திரும்பக் கொண்டுவருகிறது. கட்டுமானம் பிசகாமல் பொருந்துகிறது. வாசகர் நெகிழ்கிறார். அந்தப் பொருத்தம்தான் என்னைத் தள்ளி நிற்க வைத்தது. சாலியின் நாற்பத்தைந்து ஆண்டுகள் ஓர் எதுகையாக முடிந்துவிடுகின்றன. ஓசை சரியாக விழுந்துவிட்டதால் பொருளைத் தேட வேண்டியதில்லை என்று விட்டுவிடும் தவறு கவிதை எழுதுகிறவர்களுக்குப் பழக்கமானது.

இந்தப் புத்தகத்தை ஒதுக்கிவைக்கச் சொல்லி நான் எழுதவில்லை. வரும் பருவத்தில் முதுகலை மாணவர்களோடு வாசிக்கலாம் என்றிருக்கிறேன். சித்திரகவிக்குப் பக்கத்தில் வைத்து ஐந்தாம் அத்தியாயத்தைக் காட்டுவேன், அவர்கள் வியக்கட்டும். பிறகு எல்லோருக்கும் ஒன்பது கட்டம் போட்ட வெள்ளைத்தாள் ஒன்று கொடுக்க வேண்டும். படம் வரையத் தெரியாவிட்டால் கட்டத்துக்குள் எழுதட்டும். சாலி, ஒரு பிற்பகல், கதவு தட்டப்படுகிறது. அங்கிருந்து அவள் பேசட்டும்.